குலக்கோயிலுக்குப் பஞ்சலோக உற்சவர் செய்யப் போகிறீர்களா? மெழுகைப் பார்க்காமல் மிச்சப் பணம் கட்டாதீர்கள்

காங்கேயம் பக்கம் காட்டுக்குள் இருக்கிறது எங்கள் செல்லாண்டியம்மன் கோயில். நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, கரகம் மட்டும்தான் வீதி சுற்றும். உற்சவர் ஒன்று செய்துவிடலாம் என்று பங்காளிகள் கூடிப் பேசியபோது, “கும்பகோணம் போனாக் கிடைக்குது, ரெண்டு நாள் சோலி” என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒன்றரை வருடம் ஆனது. நடுவில் ஒரு முன்பணம் போனது. ஒரு கும்பாபிஷேகத் தேதி தள்ளிப்போனது. அலைந்தது நான்தான் என்பதால், அடுத்தவர் அலையக் கூடாது என்று எழுதி வைக்கிறேன்.

1. கோயில் யார் கணக்கில் இருக்கிறது?

பூட்டுச் சாவி நம்மிடம் இருப்பதால் கோயில் நம்முடையது என்று ஆகிவிடாது. கொங்கு நாட்டில் கூட்டத்துக் (குலப் பிரிவுக்) கோயில்கள் பல அறநிலையத்துறைப் பட்டியலில் இருக்கும். பரம்பரை அறங்காவலர் என்று நம் சித்தப்பா பெயரே அதில் இருக்கும், அவருக்கே அது நினைவிருக்காது. முதலில் இதை விசாரியுங்கள்.

துறையின் கீழ் இருந்தால் உபயமாகக் கொடுப்பதற்கும் எழுத்தில் அனுமதி வேண்டும். அறங்காவலர் அல்லது செயல் அலுவலர் வழியாக இணை ஆணையர் அலுவலகத்துக்கு மனு போகும். மனுவில் சிலையின் பெயர், உயரம், தோராய எடை, செலவு யாருடையது என்று எழுதி, சிலை செய்யும் ஸ்தபதி கொடுத்த மதிப்பீட்டையும் மூலவரின் படத்தையும் இணையுங்கள். பதில் வர மாதக் கணக்கு ஆகலாம். அனுமதி வரும் முன் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

துறையில் இல்லாத கோயிலென்றால் பங்காளிகள் கூட்டத் தீர்மானம் போதும். ஆனால் வாய்த் தீர்மானம் உதவாது. யார் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள், சிலை யார் பொறுப்பில் இருக்கும், நோம்பி இல்லாத நாளில் எங்கே இருக்கும் என்பது வரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எங்களுக்குச் சண்டை வந்ததே கடைசி வரியில்தான்.

2. பழைய சிலை இருந்தால் அதைத் தொடாதீர்கள்

“பழசை உருக்கிப் புதுசில் சேர்த்துவிடலாம்” என்று யாராவது ஒருவர் சொல்வார். கூடாது. நூறு ஆண்டைக் கடந்த உலோகச் சிலை 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். பதிவு செய்ய வேண்டும், கைமாற்றினால் தெரிவிக்க வேண்டும், வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வயது தெரியாத சிலையை நூறு ஆண்டுச் சிலையாகவே நினைத்துக்கொள்ளுங்கள். உழும்போது கிடைத்த சிலை என்றால் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ அன்றைக்கே சொல்லிவிடுங்கள். “பழைய சிலை ஒன்று இருக்கு, மலிவாத் தர்றேன்” என்று ஆள் வந்தால் பேச்சே வைக்காதீர்கள்.

3. மூலவரை அலங்காரம் இல்லாமல் படம் எடுங்கள்

நாங்கள் செய்த பெரிய தப்பு இங்கேதான். வெள்ளிக் கவசத்தோடு இருந்த அம்மன் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். கவசத்தில் இடது முன்கையில் ஒரு கிண்ணம் இருந்தது. ஸ்தபதி அதைக் குங்குமக் கிண்ணமாக எடுத்துக்கொண்டார். உலோகம் ஊற்றும் முன் செய்யும் மெழுகு உருவத்தைப் பார்க்கப் போனபோது பெரியப்பாதான் கண்டுபிடித்தார். “ஏண்டா, நம்ம ஆத்தா கையில கிண்ணமா இருக்குது? மண்டையோடல்ல!” கல் மூலவரின் கையில் இருப்பது கபாலம். நாற்பது வருடம் கும்பிட்டும் நான் பார்த்ததில்லை. பூவும் புடவையும்தான் பார்த்திருக்கிறேன்.

அதனால் பூசாரியிடம் கேட்டு, அபிஷேகம் முடிந்து அலங்காரத்துக்கு முன், முன்பக்கம், இரு பக்கம், முடிந்தால் பின்பக்கம் என்று படம் எடுங்கள். கருவறைக்குள் படம் எடுக்க அம்மன் உத்தரவு வேண்டும் என்று பூசாரி சொன்னால் பூக்கேட்டு, அதாவது பூ வைத்து உத்தரவு பார்த்துவிட்டே எடுங்கள். நாங்களும் அப்படித்தான் செய்தோம். வெள்ளைப் பூ விழ முக்கால் மணி நேரம் ஆனது.

படத்தை வைத்துக்கொண்டு ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள். ஸ்தபதி முதலில் கேட்கப் போவது இவைதான்.

எத்தனை கை, எந்தக் கையில் என்ன? பின் கைகளையும் முன் கைகளையும் தனித்தனியாக எழுதுங்கள். எங்கள் அம்மனுக்குப் பின்கைகளில் உடுக்கையும் பாசக்கயிறும், முன்கைகளில் சூலமும் கபாலமும். உடுக்கை ஒலி, அதிலிருந்துதான் படைப்பு தொடங்குகிறது என்பார்கள். பாசம் உயிரைக் கட்டுவது, அவிழ்ப்பதும் அதே கைதான். சூலத்தின் மூன்று முனைக்கு மூன்று குணங்கள் என்றும் இச்சை, ஞானம், கிரியை என்றும் இரண்டு விதமாகப் பொருள் சொல்வதுண்டு. கபாலம் அறுபட்ட ஆணவம். பொருள் தெரிந்தால், கபாலத்துக்குப் பதில் குங்குமக் கிண்ணம் வந்தால் தெய்வமே வேறாகிவிடுகிறது என்பதும் புரியும்.

தலைமுடி சுடர்விடுகிறதா, மகுடம் இருக்கிறதா? தீச்சுடர் போல முடி எழுந்திருந்தால் உக்கிரம். அடுக்கடுக்கான கரண்ட மகுடம் சாந்தம். வீதிக்கு வரும் உற்சவரைச் சாந்தமாகச் செய்வதே நல்லது என்று எங்கள் ஸ்தபதி சொன்னார். மூலவர் போலவே சுடர்முடி வேண்டும் என்று பாதிப் பங்காளிகள் நின்றார்கள். கடைசியில் சுடர்முடி, கோரைப்பல் இல்லாத சிரித்த முகம் என்று முடிந்தது.

உட்கார்ந்திருந்தால் எந்தக் கால் மடிந்திருக்கிறது, எது தொங்குகிறது, தொங்கும் காலின் கீழே என்ன இருக்கிறது? இடம் வலம் குறிக்கும்போது அம்மனின் இடம் வலம் என்று எழுதுங்கள். நம் பக்கத்திலிருந்து பார்த்து எழுதி மாறிப்போன கதைகளை அந்தப் பட்டறையிலேயே இரண்டு கேட்டேன்.

முருகன் கோயிலென்றால் இன்னும் கவனம். கோவணத்தோடு கையில் தண்டம் பிடித்து நிற்கும் பழனி ஆண்டவர் வேறு. பின்கைகளில் சக்தியும் வச்சிரமும், முன்கைகளில் அபயமும் வரதமும் காட்டும் நாலு கை சுப்பிரமணியர் வேறு. “முருகன் வேணும்” என்று மட்டும் சொன்னால் எது வரும் என்று சொல்ல முடியாது. அர்த்தநாரீசுவரர் நம் திருச்செங்கோட்டுச் சாமி என்பதால் கேட்பவர்கள் நிறைய. அதில் வலப்பாதி சிவன், இடப்பாதி உமை, வலக்காதில் ஆண் அணியும் குழை, இடக்காதில் பெண் அணியும் தோடு. காதைப் பாருங்கள், தப்பு நடந்தால் அங்கேதான் நடக்கும்.

அண்ணமார், கருப்பராயன், கன்னிமார் போன்ற சாமிகளுக்குச் செய்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சிவனுக்கும் அம்மனுக்கும் ஸ்தபதிகளிடம் உருவத்தை வர்ணிக்கும் தியான சுலோகமும் அளவும் தயாராக இருக்கும். நம் காவல் தெய்வங்களுக்கு அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மீசை எப்படி, கொண்டை எந்தப் பக்கம், குதிரையில் எந்தக் கால் தூக்கியிருக்கிறது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். கோயிலில் இருக்கும் மண் உருவங்களின் படம் கொண்டு போங்கள்.

4. உயரத்தை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

ஸ்தபதி தென்னை ஓலைக் கீற்று ஒன்றை எடுத்து, சிலையின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்துப் பங்கு பிரிப்பார். ஒடி ஓலை என்பது அதன் பெயர். அம்மனுக்கு மத்திம தசதாலம் என்ற அளவுமுறை, நின்றால் 120 பங்கு. முகம், கழுத்து, மார்பு, தொடை எல்லாம் அந்தப் பங்கிலிருந்து வருகிறது. “ரெண்டு அங்குலம் கூட்டிக்கலாமுங்க” என்று நடுவில் சொன்னால் எல்லாக் கணக்கும் மாறும்.

மூலவரின் உயரம், கருவறை வாசலின் அகலம், சப்பரத்தின் உள்ளளவு, எத்தனை பேர் தூக்குவீர்கள் என்பது, இத்தனையும் அளந்து கொண்டு போங்கள். அளவு ராசியானதா என்று கணக்கிடும் ஆயாதிப் பொருத்தமும் சிலர் பார்ப்பார்கள். எங்களுடையது பீடத்தோடு 18 அங்குலம். உயரம் என்றால் பீடம் சேர்த்தா சேர்க்காமலா என்பதை முதல் நாளே கேளுங்கள். சப்பரத்தில் கட்டுவதற்குப் பீடத்தின் பக்கங்களில் வளையம் வேண்டும். இதை யாரும் உங்களுக்கு நினைவூட்ட மாட்டார்கள்.

5. யாரிடம் கொடுப்பது?

கும்பகோணத்திலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டரில் சுவாமிமலை. மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றும் வார்ப்பு அங்கே தெருவுக்குத் தெரு நடக்கிறது. அந்த ஊர்ச் சிலைகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. தமிழக அரசின் பூம்புகார் கைவினை நிறுவனத்தின் உற்பத்தி நிலையமும் அங்கே இருக்கிறது. கோவையிலிருந்து மயிலாடுதுறை போகும் ஜன சதாப்தி திருப்பூர், ஈரோடு, கரூர், திருச்சி வழியாகக் கும்பகோணத்தில் இறக்கிவிடும், செவ்வாய்க்கிழமை கிடையாது.

நாங்கள் முதலில் அங்கே போகவில்லை. பக்கத்து நகரத்தில் ஒரு கடையில் “பஞ்சலோகம், ரெடி ஸ்டாக்” என்றார்கள், 15,000 ரூபாய் கொடுத்தோம். இரண்டாம் முறை போனபோது அலமாரியில் அதே அம்மன் இன்னொன்று இருந்தது. இரண்டுக்கும் சுண்டுவிரல் ஒரே மாதிரி வளைந்திருந்தது. அப்போதுதான் உறைத்தது. கையால் செய்த மெழுகுக்கு அச்சு ஒரே முறைதான். உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரே கோணல் இரண்டு சிலையில் இருந்தால் ரப்பர் அச்சில் எடுத்த மெழுகு. அதிலும் அது வெறும் பித்தளை, உள்ளே பொள்ளல். பணம் திரும்பவில்லை.

வீட்டு ஷோகேஸுக்கு அது போதும். அபிஷேகத்துக்கு உள்ளே கெட்டியான கனவார்ப்பைத்தான் கேட்க வேண்டும். “ஆன்டிக் ஃபினிஷ்” என்று கருப்பேற்றித் தருவதும் வேண்டாம். மேலே ரசாயனம், கீழே இருக்கும் ஒட்டும் ஓட்டையும் தெரியாது.

6. தாளில் எழுத வேண்டியவை, பணம்

மதிப்பீடு என்று ஒரு சின்னச் சீட்டு கொடுப்பார்கள். அது போதாது. இவற்றை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள்: தெய்வத்தின் பெயர், கைகளில் இருப்பவை, உயரம், கனவார்ப்பு, தோராய எடை, கிலோ விலை, திருவாசி (சிலையைச் சுற்றிய வளைவு) சேர்த்தா தனியா, வரி சேர்த்தா தனியா, வார்ப்பு கெட்டால் யார் செலவு, தரும் தேதி. “வார்ப்பு கெட்டால்” என்ற வரியைக் கட்டாயம் கேளுங்கள். நல்ல ஸ்தபதி சிரித்துக்கொண்டே “என் செலவு” என்பார்.

எங்கள் செலவு இது. உலோகமும் கூலியும் சேர்த்துக் கிலோ 2,600 ரூபாய், எடை 22 கிலோ 800 கிராம், ஆக 59,280. திருவாசி தனி, 14,000. கிலோ விலைக்குள் திருவாசி அடங்கும் என்று நினைத்திருந்தோம், அடங்கவில்லை. கொண்டுவர வண்டிக்கு 11,000, முன்னால் போய் வந்த பயணங்கள் 6,000, சிலைக்குக் கண் செதுக்கும் கண்திறப்புச் சடங்குக்கு ஸ்தபதிக்கு வேட்டி துண்டோடு 5,000. வரி நீங்கலாக ஒரு லட்சத்தை ஒட்டி வந்தது. செம்பு விலை ஏறி இறங்கும் என்பதால் உங்கள் கணக்கு வேறாக இருக்கும்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். முன்பணம் 40 சதவீதம், மெழுகு பார்த்த பிறகு 30, சிலை எடுக்கும்போது மீதி. முடிந்தவரை வங்கி வழியாகக் கொடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி ஸ்தபதிக்குத்தான் சிக்கல்.

7. மெழுகு பார்க்கப் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஸ்தபதி “மெழுகு முடிஞ்சுது, வந்து பாருங்க” என்று கூப்பிடுவார். படம் அனுப்பச் சொல்லித் தப்பிக்கப் பார்க்காதீர்கள். நேரில் போங்கள், தெய்வத்தை நன்றாக அறிந்த ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த அந்தக் கலவை சூட்டுக்கு இளகும். எங்கள் கிண்ணம் பத்து நிமிடத்தில் கபாலமானது. சூடான கத்தியால் ஒரு வெட்டு, விரலால் ஒரு அழுத்து, அவ்வளவுதான். ஒரு பைசா செலவில்லை. உலோகத்தில் என்றால் முழுதாக உருக்கி மறுபடி தொடங்க வேண்டும்.

அங்கேயே மெழுகை எடை போடச் சொல்லுங்கள். ஊற்றும் காம்புகளை ஒட்டுவதற்கு முன் போட வேண்டும். கனவார்ப்பில் சிலை மெழுகின் எடையைப்போல எட்டிலிருந்து பத்து மடங்கு வரும். எங்கள் மெழுகு 2 கிலோ 600 கிராம். ஒன்பதால் பெருக்கினால் 23 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே, ராவித் தேய்த்த பின் வந்ததும் அதை ஒட்டியே இருந்தது. எடை பாதியாக வந்தால் உள்ளே பொள்ளல்.

8. வார்ப்பு நாள்

பஞ்சலோகத்தில் பெரும்பகுதி செம்பு, அடுத்துப் பித்தளை, கொஞ்சம் ஈயம். வெள்ளியும் பொன்னும் மிகச் சிறிது, கோயில்காரர்கள்தான் கொண்டு போக வேண்டும். அதைக் கூரியரிலோ ஆள் மூலமோ கொடுத்தனுப்பாதீர்கள். வார்ப்பு நாளில் போய் உங்கள் கையாலேயே உலோகம் உருகும் மூசையில் போடுங்கள். கல்லும் அரக்கும் நீக்கிய பொன்னாக இருக்க வேண்டும், கவரிங் கூடாது. என் அப்பத்தாவின் ஒற்றைத் தோட்டை என் அக்கா போட்டாள். ஜோடியில் மற்றது கிணற்றில் விழுந்து முப்பது வருடம் ஆகிறது.

வறட்டி நெருப்பில் மண் அச்சைச் சுடவைத்து மெழுகை வெளியேற்றி, குழியில் வாய் மேலே இருக்கும்படி புதைத்து, ஊற்றுவார்கள். ஊற்றுவது ஐந்தாறு நிமிட வேலை. பருத்தித் துணி கட்டிக்கொண்டு, செருப்புப் போட்டுக்கொண்டு, தள்ளி நில்லுங்கள். அச்சு ஆறாமல் உடைக்க மாட்டார்கள். உடைத்ததும் பார்த்தால் மனசு கசங்கும். கறுத்து, சொரசொரவென்று, காம்புகளோடு நிற்கும். பயப்பட வேண்டாம். பாதி வேலை இனிமேல்தான், அரமும் உளியும் வைத்து வாரக்கணக்கில்.

9. மாதக் கணக்கு

கும்பாபிஷேகத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 18 அங்குலச் சிலைக்கு இரண்டு மூன்று மாதம் என்றார்கள். நாங்கள் ஆவணியில் கொடுத்தோம். புரட்டாசியில் மெழுகு முடிந்தது. ஐப்பசியில் மண் பூசினார்கள், மழை பிடித்துக்கொண்டது. மண் காயாமல் உலோகம் ஊற்றினால் அச்சு வெடிக்கும், அவசரப்படுத்தவே முடியாது. கார்த்திகைக் கடைசியில் வார்ப்பு, மாசியில் கைக்கு வந்தது. இங்கே நம் பக்கம் தூறல்கூட இல்லை, “ஏன் இன்னும் ஆகலை” என்று பங்காளிகள் என்னைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காவிரி டெல்டாவின் மழையை நம் ஊர் வானத்தைப் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். முடிந்தால் தையில் கொடுத்துச் சித்திரைக்குள் வாங்குங்கள்.

சிலை வந்த பிறகும் அதை நீரிலும் தானியத்திலும் படுக்கையிலும் வைக்கும் ஜலாதிவாசம், தானியாதிவாசம், சயனாதிவாசம் என்று நாட்கள் வேண்டும். கண்திறப்பை எங்கே செய்வது, பட்டறையிலா கோயிலிலா என்பதை ஸ்தபதியிடமும் குருக்களிடமும் சேர்த்துக் கேளுங்கள். இருவரும் வேறு வேறு சொன்னால் கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் திண்டாட்டம்.

10. கொண்டு வரும் வழி

வைக்கோலும் பழைய வேட்டியும் சுற்றி, படுக்க வைத்து, ஆயுதங்கள் மேலே இருக்கும்படி கட்டுங்கள். சூலத்தைத் தனியே கழற்ற முடிகிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பில்லில் தெய்வத்தின் பெயர், உயரம், எடை, புதிதாகச் செய்தது என்ற வரி, உலோகம், கோயிலின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். பில் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் மாநிலத்துக்குள்ளேயே ஈ-வே பில் வேண்டும். எங்கள் வண்டியை இரவு ஒரு சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். வைக்கோலுக்குள் ஒரு அம்மன், வண்டியில் நான்கு ஆண்கள், நேரம் இரவு ஒரு மணி; யாராக இருந்தாலும் சந்தேகப்படத்தான் செய்வார்கள். பில், தீர்மான நகல், மெழுகுப் படம் மூன்றையும் காட்டியதும் விட்டுவிட்டார்கள். பகலிலேயே கிளம்புங்கள்.

11. வந்த பிறகு

பீடத்தின் அடியில் கோயிலின் பெயரும் ஆண்டும் வெட்டச் சொல்லுங்கள், ஸ்தபதியிடம் இருக்கும்போதே. நான்கு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். துறைக் கோயிலென்றால் சொத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

திங்கட்கிழமையும் அமாவாசையும் மட்டும் திறக்கும் காட்டுக் கோயிலில் உற்சவரை வைத்துவிட்டு வர வேண்டாம். எங்களுடையது ஊர் நடுவில் இருக்கும் பிள்ளையார் கோயிலின் இரும்பறையில் இருக்கிறது. சாவி இரண்டு, இரண்டு குடும்பத்திடம். ஒரு சாவியால் திறக்காது.

அபிஷேகம் முடிந்ததும் பாலும் தயிரும் மடிப்புகளில் தங்கினால் பச்சைக் களிம்பு ஏறும். அன்றைக்கே வெந்நீர் விட்டுக் கழுவி, புளியும் பூந்திக்கொட்டையும் போட்டுத் தேய்த்து, துடைத்து, உலர்த்தி வையுங்கள். பளபளப்புப் பொடி போட்டால் முகத்தின் வேலைப்பாடு பத்து வருடத்தில் மழுங்கிவிடும். பூசாரியிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள், பொடி டப்பா அவர் அலமாரியில் ஏற்கெனவே இருக்கும்.